ரெசூமே தளத்தை எங்கே ஏற்றுவது? ஐந்து வழிகளும் ஒரு வருடத் தூக்கமும்

"கிட்ஹப் பேஜஸ் போதுமா, ஏடபிள்யூஎஸ்ஸில் போட்டால்தான் மதிப்பா?" ரெசூமேவை வெப் ஆப்பாக எழுதி முடித்தவர்கள் அடுத்து வந்து மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். முன்னது, கோடை வைத்திருக்கும் கிட்ஹப்பே தரும் ஹோஸ்டிங்; பின்னது அமேசானின் கிளவுட் சேவை. எழுதுவதற்கு ஒரு வார இறுதி ஆகியிருக்கும். எங்கே ஏற்றுவது என்று யோசிப்பதில் ஒரு மாதம் ஓடிவிடும்.

ரெசூமே தளத்துக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு. வேலை தேடும் இரண்டு மாதம் தினமும் நாலு தடவை டெப்ளாய் ஆகும், அதாவது புது வடிவம் இணையத்தில் ஏறும். வேலை கிடைத்த மறுநாளிலிருந்து ஒன்றரை, இரண்டு வருடம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் "நாளைக்குள் ரெசூமே அனுப்ப முடியுமா?" என்று ஒரு மெயில் வரும். அன்றைக்கு லிங்க் திறக்க வேண்டும். புதிய வேலையின் பெயரைச் சேர்த்து புஷ் செய்தால் ஏறவும் வேண்டும். ஹோஸ்டிங் ஒப்பீடுகள் வழக்கமாகப் பேசும் வேகம், டிராஃபிக், ஸ்கேலிங் எல்லாம் இங்கே கணக்கிலேயே வராது. மாதம் 50 பேர் பார்த்தாலே அது பரபரப்பான ரெசூமே.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் தூக்கம். ஒரு வருடம் தொடாமல் விட்டால் தளம் விழாமல் இருக்குமா? எழுப்பினால் எழுந்து டெப்ளாய் ஆகுமா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதில் தேறி இரண்டாவதில் விழுகிற அமைப்புகள்தான் அதிகம்.

அடுத்தது ரகசியம். ரெப்போ (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) பொதுவில் இருந்தால் நீங்கள் வேலை தேடுவது ஊருக்கே தெரியும். "நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்று மாற்றம்" என்று ஒரு கமிட் (குறிப்போடு பதிவாகும் ஒரு மாற்றம்) போதும். உங்கள் மேனேஜருக்கும் கிட்ஹப் கணக்கு இருக்கும். நம் ஊர் ரெசூமேக்களில் இன்னொரு சிக்கல், பயோடேட்டா காலத்துப் பழக்கம்: பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு முகவரி, சிலர் பாஸ்போர்ட் எண் வரைக்கும் எழுதுவார்கள். பொது ரெப்போவில் ஒருமுறை ஏறிவிட்டால், அந்த வரியை அழித்து அடுத்த கமிட் போட்டாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும்.

மூன்றாவது பணம். எவ்வளவு என்பதைவிட, கார்டு கொடுக்க வேண்டுமா என்பதே பெரிய கேள்வி. கார்டு மாறும், காலாவதியாகும், ஆட்டோ டெபிட் திரும்பும். மாதம் 50 ரூபாய் கட்டாததற்காகக் கணக்கு முடங்கினால் அது 50 ரூபாய் நஷ்டத்தோடு முடியாது.

கடைசியாக, அந்த அமைப்பு எதைக் காட்டுகிறது. ஃப்ரண்ட்எண்ட் வேலைக்குப் போகிறவர் சர்வரைத் தானே கட்டினார் என்பதற்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. டெவ்ஆப்ஸ் (மென்பொருளை ஏற்றி ஓட்டும் பணி) வேலைக்குப் போகிறவரின் தளம் ஒரு பட்டனைத் தட்டி ஏற்றியதாக இருந்தால், நேர்காணலில் அதைப் பற்றிப் பேச ஒன்றுமே இருக்காது.

அட்டவணைக்கு முன் சில சொற்கள். எஸ்3 என்பது ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபைல்களை வைக்கும் இடம், கிளவுட்ஃப்ரண்ட் அவற்றைப் பார்வையாளருக்குக் கொண்டுபோகும் சேவை, விபிஎஸ் வாடகை சர்வர். பில்ட் என்பது எழுதிய கோடைத் தளத்துக்கான ஃபைல்களாக மாற்றுவது. அதை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி நோட். பில்டும் டெப்ளாயும் தானாக நடக்க எழுதி வைக்கும் படிகள் வொர்க்ஃப்ளோ, அப்படித் தானாக ஓட்டும் முறை சிஐ. டெராஃபார்ம், கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி.

| | கிட்ஹப் பேஜஸ் | கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் | வெர்செல், நெட்லிஃபை | எஸ்3 + கிளவுட்ஃப்ரண்ட் | சொந்த விபிஎஸ் |
|---|---|---|---|---|---|
| முதல் டெப்ளாய்க்கு ஆகும் நேரம் | 1 மணி நேரம் | அரை மணி நேரம் | கால் மணி நேரம் | ஒரு வார இறுதி | ஒரு நாள் |
| பிரைவேட் ரெப்போ, இலவசத்தில் | முடியாது | முடியும் | முடியும் | முடியும் | முடியும் |
| கார்டு | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் |
| மாதச் செலவு | 0 | 0 | 0 | அரை டாலர் + ஜிஎஸ்டி | சுமார் 4 முதல் 6 டாலர் |
| தூங்கினால் தளம் விழாமல் இருக்குமா | இருக்கும் | இருக்கும் | இருக்கும் | கார்டு இருக்கும்வரை | சந்தேகம் |
| தூங்கி எழுந்தால் டெப்ளாய் ஆகுமா | வொர்க்ஃப்ளோ பழசாகியிருக்கும் | நோட் பதிப்பைப் பொறுத்தது | நோட் பதிப்பைப் பொறுத்தது | வொர்க்ஃப்ளோவும் பழசு, டெராஃபார்மும் பழசு | எதுவும் நடக்கலாம் |
| எதைக் காட்டும் | கிட், சிஐ அடிப்படை | அதேதான் | ஃப்ரண்ட்எண்ட் | கிளவுட் | லினக்ஸ் |

டொமைன் செலவு இதில் சேராது. சொந்த டொமைன் வாங்கினால், ஐந்தில் எதை எடுத்தாலும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து வாங்காமல், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள்.

## கிட்ஹப் பேஜஸ்

ரெப்போ ஏற்கெனவே கிட்ஹப்பில் இருக்கும் என்பதால் இயல்பாக எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். தளத்தின் அளவு 1 ஜிபி வரை, மாதம் 100 ஜிபி பேண்ட்விட்த். ரெசூமேவுக்கு இதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பொது ரெப்போக்களுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் சாதாரண ரன்னர்களும் (வொர்க்ஃப்ளோ ஓடும் மெஷின்கள்) இலவசம்.

அமைப்பது இப்படி. ரெப்போவின் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய், 'சோர்ஸ்' என்பதை பிராஞ்சிலிருந்து (கோடின் ஒரு கிளை) கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். வொர்க்ஃப்ளோவில் இரண்டு ஜாப் போதும். முதலாவது ரெப்போவை இழுத்து, நோட் பதிப்பை அமைத்து, பதிப்பு எண்களைப் பூட்டி வைத்திருக்கும் லாக் ஃபைலில் உள்ளபடியே பேக்கேஜ்களை நிறுவி, பில்ட் செய்து, வெளிவந்த ஃபோல்டரை பேஜஸ் ஆர்ட்டிஃபேக்டாக (அடுத்த ஜாபுக்குக் கைமாற்றும் ஃபைல் பொதி) ஏற்றும். இரண்டாவது அதை எடுத்து டெப்ளாய் செய்யும். இரண்டாவது ஜாபுக்கு இரண்டு அனுமதிகளை வெளிப்படையாக எழுத வேண்டும்: பேஜஸில் எழுதும் அனுமதி, ஐடி டோக்கன் பெறும் அனுமதி. இதில் ஒன்று விட்டுப்போனாலும் பில்ட் பச்சை, டெப்ளாய் சிவப்பு. புஷ் செய்தால் ஓடுவதோடு, கையால் ஓட்டும் பட்டனையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். கோடில் ஒன்றும் மாற்றாமல் மறுபடி ஏற்ற வேண்டிய நாள் வரும்.

பிறகு தளத்தைத் திறப்பீர்கள். வெள்ளைத் திரை.

பலருக்கு முதல் தடவை இதுதான் தெரியும். பிரவுசரில் எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். எச்டிஎம்எல் வந்திருக்கும், ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் 404 என்று சிவப்பாக நிற்கும். அந்த 404 வரியின் முகவரியைப் படித்தால் காரணம் கண்ணெதிரே இருக்கும். உங்கள் தளம் பயனர்பெயருக்குக் கீழே 'ரெசூமே' என்ற ரெப்போ பெயருடன் ஒரு துணைப் பாதையில் இருக்கிறது. ஃபைல்களைத் தேடுவதோ ரெப்போ பெயர் இல்லாத வேர்ப் பாதையில். பில்ட் கருவியாக வைட் பயன்படுத்தினால் கான்ஃபிக் ஃபைலில் 'பேஸ்' என்ற மதிப்பில் ரெப்போ பெயரை, முன்னும் பின்னும் சாய்கோட்டோடு எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து சொந்த டொமைன் வாங்கி இணைக்கும்போது இதே வரி திருப்பிக் கடிக்கும். டொமைன் வந்ததும் தளம் வேர்ப் பாதைக்கு நகர்ந்துவிடுவதால், பேஸை மறுபடி வெறும் சாய்கோடாக மாற்றியாக வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் பயனர்பெயரோடு .github.io சேர்த்த பெயரில் ஒரு ரெப்போ தொடங்கி அதில் ரெசூமேவைப் போடுங்கள்; அது எப்போதும் வேர்ப் பாதையில்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு சின்ன வில்லங்கங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் ஃபைல் பெயரில் பொருட்டில்லை. பில்ட் ஓடுவது லினக்ஸில். அங்கே உங்கள் புகைப்படத்தின் பெயரில் ஓர் எழுத்து கோடில் எழுதியதைப் போலன்றிப் பெரிதாக இருந்தாலும் படம் வராது. மற்றது பக்க ரவுட்டிங், அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பிரவுசரிலேயே முடிவு செய்வது. ரியாக்ட் ரவுட்டர் வைத்து 'புராஜெக்ட்ஸ்' என்று தனிப் பாதை அமைத்தால், உள்ளேயிருந்து கிளிக் செய்யும்வரை நன்றாக ஓடும். ரெஃப்ரெஷ் செய்தால் 404. இண்டெக்ஸ் ஃபைலையே 404 பக்கமாக நகலெடுத்து வைப்பது பிரபலமான வைத்தியம். ஆனால் பதில் குறியீடு 404 ஆகவே போவதால் தேடுபொறிகள் அந்தப் பக்கத்தைச் சேர்க்காது. ஒரு பக்க ரெசூமேவுக்கு ரவுட்டர் எதற்கு என்பதுதான் சரியான கேள்வி.

மறைமுகச் செலவு ரகசியம்தான். இலவசக் கணக்கில் பேஜஸ் பொது ரெப்போக்களுக்கு மட்டுமே. பிரைவேட் ரெப்போவிலிருந்து ஏற்ற மாதம் 4 டாலர் புரோ திட்டம் வேண்டும். "வேலை கிடைத்துவிட்டது, ரெப்போவை மறைத்துவிடலாம்" என்று இலவசக் கணக்கில் பிரைவேட்டாக மாற்றினால், அந்தக் கணமே தளமும் இறங்கிவிடும். எச்சரிக்கை காட்டும், யாரும் படிப்பதில்லை.

தூக்கத்தில் தளம் அசையாது. எழுப்பும்போதுதான் பிரச்சினை. 2023இல் எழுதிய வொர்க்ஃப்ளோ ஒன்றை 2025இல் ஓட்டியவர்கள் பலர் ஒரு வரி மாற்றாமலேயே சிவப்பைப் பார்த்தார்கள். ஆர்ட்டிஃபேக்ட் ஏற்றும் ஆக்‌ஷனின் மூன்றாம் பதிப்பு 2025 ஜனவரி 30உடன் நிறுத்தப்பட்டது, உபுண்டு 20.04 ரன்னரும் அதே ஆண்டு ஏப்ரலில் போனது. ரெப்போவில், பழைய பதிப்புகளைக் கண்டு சொல்லும் டிபெண்டபாட்டை ஆக்‌ஷன்ஸுக்கும் சேர்த்து இயக்கி வைத்தால் இந்தப் பதிப்பு மாற்றங்கள் புல் ரிக்வெஸ்டாக (நீங்கள் ஒப்புக்கொண்டால் சேரும் மாற்றமாக) வந்து நிற்கும். "அனுபவம்: 6 ஆண்டுகள்" என்பது தானாகக் கூடட்டும் என்று மாதம் ஒருமுறை ஓடும் ஷெட்யூல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கிட்ஹப் அந்த ஷெட்யூலை அணைத்துவிடும். அந்தக் கணக்கை பில்டில் போடாமல் பக்கத்திலேயே நாலு வரி ஸ்கிரிப்டில் போட்டுவிடலாம்.

## கிளவுட்ஃப்ளேர் பேஜஸ்

பிரைவேட் ரெப்போ வேண்டும், கார்டு கொடுக்கக் கூடாது என்றால் நேராக இங்கே வரலாம். மாதம் 500 பில்ட், ஃபைல் ஒன்றுக்கு 25 எம்பி, மொத்தம் 20,000 ஃபைல் வரை. ஸ்டாட்டிக் (சர்வரில் எதையும் கணக்கிடாமல் அப்படியே கொடுக்கும்) ஃபைல்களுக்கு பேண்ட்விட்த் கணக்கே கிடையாது. அதனால் யாரோ விளையாட்டாகத் தளத்தைத் தாக்கினாலும் பில் வரும் பயம் இல்லை. இது வெறும் கற்பனைப் பயமல்ல: 2024 பிப்ரவரியில் வேறொரு நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் இருந்த சின்ன ஸ்டாட்டிக் தளம் ஒன்றுக்கு 1,04,500 டாலர் பில் வந்து, செய்தி பரவிய பிறகு தள்ளுபடி ஆனது.

ரெப்போவை இணைத்து, பில்ட் கமாண்டையும் வெளிவரும் ஃபோல்டரின் பெயரையும் கொடுத்தால் வேலை முடிந்தது. வேர்ப் பாதையிலேயே ஏறுவதால் மேலே சொன்ன வெள்ளைத் திரை இங்கே வராது. ரவுட்டர் வைத்திருந்தாலும் பாதகமில்லை; 404 பக்கம் என்று ஒரு ஃபைல் இல்லாவிட்டால் எல்லாப் பாதைக்கும் இண்டெக்ஸையே கொடுக்கும். ஹெடர்களையும் ரீடைரக்ட்களையும் இரண்டு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்களில் எழுதலாம். கிட்ஹப் பேஜஸில் இந்த வசதி கிடையாது. அங்கே எல்லாமே 10 நிமிட கேஷ்தான்; அதுவரை பழைய நகலே தெரியலாம். தவறான போன் நம்பரைத் திருத்திவிட்டு உடனே லிங்க் அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் நீளம்.

ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி பிரிவியூ லிங்க் கிடைப்பது ரெசூமேவுக்கு நிஜமாகவே பயன்படும். ஒரு நிறுவனத்துக்கு பேக்எண்ட் அனுபவத்தை மேலே வைத்து ஒரு வடிவம், இன்னொன்றுக்கு டேட்டா வேலைகளை மேலே வைத்து ஒரு வடிவம் என்று பிராஞ்ச் பிரிக்கலாம். ஆனால் பிராஞ்ச் பெயர் அப்படியே லிங்கில் வரும். நிறுவனத்தின் பெயரையே பிராஞ்சுக்கு வைத்துவிட்டு, அந்த லிங்கை அவசரத்தில் வேறொரு எச்.ஆருக்கு அனுப்பிவிட்டால் போச்சு. 'வடிவம்-2' என்று ஊமையாக ஒரு பெயர் வையுங்கள்.

பொறிகள் இரண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்து நேரடியாக அப்லோட் செய்யும் வகையில் புராஜெக்டைத் தொடங்கினால், பிறகு அதை ரெப்போ இணைப்புக்கு மாற்ற முடியாது. புது புராஜெக்ட்தான் வழி. பிடிஎஃப் தயாரிப்பது போன்ற கூடுதல் படிகள் வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். அடுத்தது டொமைன். முன்னொட்டு இல்லாத வெறும் டொமைனில் தளம் திறக்க வேண்டுமென்றால் நேம்சர்வரையே (டொமைன் எங்கே போகிறது என்று சொல்லும் சர்வர்) கிளவுட்ஃப்ளேருக்கு மாற்ற வேண்டும். அதே டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள், மாற்றும் முன், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் அனைத்தும் வந்துவிட்டனவா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். ஒன்று விட்டுப்போனால் தளம் ஜம்மென்று திறக்கும். நேர்காணல் அழைப்பு மெயில் வராது.

தூங்கி எழும்போது முதலில் உதைப்பது நோட் பதிப்பு. அதை ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், பில்ட் அமைப்பின் இயல்புப் பதிப்பு மாறினாலும் உங்கள் பில்டுக்குத் தெரியாது.

## வெர்செல், நெட்லிஃபை

இரண்டையும் சேர்த்தே பேசலாம். ரெசூமேவைப் பொறுத்தவரை அனுபவம் ஏறக்குறைய ஒன்றுதான். இணைத்தால் ஏறிவிடும். நெக்ஸ்ட்ஜேஎஸ் என்ற ரியாக்ட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதியிருந்தால் வெர்செல் மாதிரி சுலபம் வேறெங்கும் கிடையாது.

வேறுபாடு நிபந்தனைகளில் இருக்கிறது. வெர்செலின் இலவச ஹாபி திட்டம் வணிக நோக்கமற்ற தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். சம்பள வேலை தேடும் ரெசூமே அதில் அடங்கும். அதே பக்கத்தில் "மணிக்கு இவ்வளவு, இணையதளம் செய்து தரப்படும்" என்று எழுதிவிட்டால் அது சேவையை விற்கும் விளம்பரம், ஹாபியில் இடமில்லை. ஃப்ரீலான்சர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெட்லிஃபையில் 2025 செப்டம்பரிலிருந்து புதிய கணக்குகளுக்கு கிரெடிட் கணக்கு: இலவசத்தில் மாதம் 300, ஒவ்வொரு புரொடக்‌ஷன் டெப்ளாய்க்கும் 15. வகுத்துப் பார்த்தால் மாதம் 20 டெப்ளாய். காற்புள்ளி ஒன்றை மாற்றி புஷ், மார்ஜினை மாற்றி புஷ் என்று உட்கார்ந்தால் இருபது ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அடுத்த மாதம் வரை தளம் நிறுத்தி வைக்கப்படும். பிராஞ்சில் வேலை செய்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவை மெயினில் சேர்ப்பதுதான் அங்கே பழக வேண்டிய ஒழுங்கு.

இலவச துணை டொமைன்கள் பற்றி ஒரு பொதுச் செய்தி. வெர்செல், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் மூன்றின் துணை டொமைன்களையும் ஃபிஷிங் ஆசாமிகள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் சில அலுவலக நெட்வொர்க்குகளின் ஃபில்டர் அவற்றை மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கும். எச்.ஆர். லிங்கைத் தட்டுகிறார், "இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது" என்று வருகிறது. அதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டார். சொந்த டொமைனுக்குக் காரணம் அழகு மட்டுமல்ல. ஆசைக்கு .இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன் வாங்குகிறவர்கள் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பல விண்ணப்பப் படிவங்களிலும் மெயில்களிலும் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாகத்தான் தெரியும்.

## எஸ்3, கிளவுட்ஃப்ரண்ட்

இதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ரெசூமே ஒரு சாக்கு. கிளவுட் வேலைக்குத் தயாராகிறவர்கள் 2020இல் ஃபாரஸ்ட் பிரேசீல் தொடங்கிய கிளவுட் ரெசூமே சேலஞ்ச் வழியாக வந்திருப்பார்கள்: எச்டிஎம்எல் ரெசூமே, எஸ்3, கிளவுட்ஃப்ரண்ட், டிஎன்எஸ், பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு லாம்டா (தேவைப்படும்போது மட்டும் ஓடும் சின்ன கோட்), அதற்கொரு டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ்) டேபிள், டெஸ்ட், டெராஃபார்ம் அல்லது அதே மாதிரியான ஏடபிள்யூஎஸ் கருவி சாம், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். அந்தப் பார்வையாளர் கவுன்ட்டர் ரெசூமேவுக்கு எந்தப் பயனும் தராது. ஆனால் நேர்காணலில் "இந்த எண் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் இருபது நிமிடம் பேச வைக்கும். அதற்காகவே அது இருக்கிறது.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் மூன்று இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, 2023 ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட்டுகளில் (எஸ்3யில் ஃபைல்கள் கிடக்கும் தொட்டி) பொது அணுகல் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும். "பக்கெட்டை பொதுவாக்கு" என்ற பழைய படியைச் செய்தால் 403தான் வரும், அதாவது அனுமதி மறுப்பு. அடைப்பைத் திறக்காதீர்கள், பக்கெட் மூடியே இருக்கட்டும், கிளவுட்ஃப்ரண்டுக்கு மட்டும் ஓஏசி என்ற அணுகல் அமைப்பு வழியாக அனுமதி கொடுங்கள். எஸ்3யின் வெப்சைட் முகவரிக்கு எச்டிடிபிஎஸ் இல்லை என்பதால் கிளவுட்ஃப்ரண்ட் எப்படியும் வேண்டும். இரண்டாவது, எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ். நீங்கள் மும்பை ரீஜியனில் பக்கெட் வைத்து, ஏசிஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் சான்றிதழ் சேவை) சான்றிதழையும் அங்கேயே வாங்கினால் கிளவுட்ஃப்ரண்டின் பட்டியலில் அது தெரியவே தெரியாது. அதற்கான சான்றிதழ் வட வர்ஜீனியா ரீஜியனில்தான் வாங்கப்பட வேண்டும். மூன்றாவது, ஓஏசி வழியில் வேர்ப் பக்கத்துக்கு மட்டுமே இண்டெக்ஸ் தானாக வரும். துணை ஃபோல்டரைத் திறந்தால் மறுபடி 403. பாதையின் கடைசியில் இண்டெக்ஸைச் சேர்க்கும் ஒரு சின்ன கிளவுட்ஃப்ரண்ட் ஃபங்ஷன் எழுத வேண்டும்.

டெப்ளாய்க்கு ஐஏஎம் ஆக்சஸ் கீயை (ஏடபிள்யூஎஸ் கணக்கின் நிரந்தரச் சாவி) கிட்ஹப் சீக்ரெட்ஸில் போடும் வழி இன்னும் நிறைய இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. வேண்டாம். கிட்ஹப்பை ஓஐடிசி (ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தற்காலிக அடையாளம் தரும் முறை) வழியாக நம்பும் ஒரு ரோல் உருவாக்கி, உங்கள் ரெப்போவின் மெயின் பிராஞ்சுக்கு மட்டும் அதை அனுமதியுங்கள். நிரந்தரச் சாவி எங்கேயும் இருக்காது. கசியவும் ஒன்றும் இருக்காது. ஃபைல்களை ஏற்றியதும் கேஷை இன்வேலிடேட் செய்ய வேண்டும், அதாவது பழைய நகல்களைச் செல்லாததாக்க வேண்டும். மாதம் முதல் 1,000 பாதைகள் இலவசம். நட்சத்திரக் குறியிட்டு "எல்லாவற்றையும்" என்று சொன்னாலும் அது ஒரு பாதையாகத்தான் கணக்கு.

பணக் கணக்கு பார்க்க எளிது. கிளவுட்ஃப்ரண்ட் மாதம் 1 டிபி வரை இலவசம், எஸ்3க்குச் சில பைசா, டொமைன் பதிவுகளை வைக்கும் ரூட் 53 ஸோன் ஒன்றுக்கு மாதம் அரை டாலர், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. தூக்கத்தில்தான் இது ஆபத்து. 2025 ஜூலை 15 முதல் தொடங்கும் கணக்குகளில் 'ஃப்ரீ பிளான்' என்று ஒன்று உண்டு: 200 டாலர் வரை கிரெடிட், 6 மாதம் அல்லது கிரெடிட் தீரும்வரை, எது முந்துகிறதோ அதுவரை. அதற்குள் பணம் கட்டும் திட்டத்துக்கு மாறாவிட்டால் கணக்கு மூடப்படும். ஏப்ரலில் ஏற்றிய ரெசூமே நவம்பரில் இருக்காது. மாறிய பிறகும் ஆட்டோ டெபிட்டில் ஒரு கண் வேண்டும். 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி மாண்டேட் பதிவாகாத கார்டில் மாதாந்தரப் பிடித்தம் திரும்பிவிடும். பட்ஜெட் அலர்ட்டை 1 டாலரில் வையுங்கள். அது வரும் மெயில், நீங்கள் தினமும் திறக்கும் மெயிலாக இருக்கட்டும்.

சிறந்த ஏற்பாடு, இரண்டையும் பிரிப்பது: ரெசூமே கிளவுட்ஃப்ளேரிலோ கிட்ஹப்பிலோ இருக்கட்டும், ஏடபிள்யூஎஸ் வடிவம் ஒரு புராஜெக்டாகத் துணை டொமைனில் இருக்கட்டும். அது விழுந்தாலும் ரெசூமே விழாது.

## சொந்த விபிஎஸ்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் நிர்வாக வேலை தேடுபவர், அல்லது ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ஒரு சர்வரை ஓட்டுபவர் தவிர மற்றவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். எஞ்ஜினெக்ஸ் (வெப் சர்வர்), செர்ட்பாட் (எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும் கருவி), எஸ்எஸ்எச் வழியாக ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) என்று அமைப்பு சின்னதுதான். பராமரிப்பு சின்னதில்லை.

செர்ட்பாட் வாங்கித் தரும் இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். தானாகப் புதுப்பிக்கும் டைமர் இருக்கும். ஆனால் எப்போதோ ஃபயர்வாலில் 80ஆம் போர்ட்டை மூடியிருந்தால் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்கும். முன்பெல்லாம் "காலாவதி ஆகப்போகிறது" என்று அவர்கள் மெயில் அனுப்புவார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து கண்காணிக்கும் ஓர் இலவசச் சேவையைக் கட்டாயம் இணையுங்கள். ஆர்சிங்கில் 'டெலீட்' விருப்பத்தைச் சேர்க்கும்போது சேருமிடப் பாதையை இரண்டு தடவை படியுங்கள். ஒரு படி மேலே கொடுத்துவிட்டால் பக்கத்துத் தளங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். டெப்ளாய்க்கென்று தனிப் பயனர், அவருக்கு அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை என்று வைத்தால் இந்த விபத்து நடக்க வழியே இல்லை.

## எங்கே ஏற்றினாலும்: பிடிஎஃப்

எச்.ஆர். கேட்பது லிங்கை அல்ல, பிடிஎஃப்பை. அதனால் வெப் ஆப்பும் பிடிஎஃப்பும் ஒரே டேட்டா ஃபைலிலிருந்து, ஒரே பில்டில் வர வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது வாரமே இரண்டிலும் வேறு வேறு தேதி இருக்கும்.

பில்ட் முடிந்ததும் அதே ஜாபில் லோக்கல் சர்வர் ஒன்றை எழுப்பி, பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் வழியாக குரோமியத்தில் பக்கத்தைத் திறந்து, ஏ4 அளவில் பிடிஎஃப் எடுத்து, வெளிவரும் ஃபோல்டரில் போடுங்கள். ஃபான்ட்கள் ஏறி முடிந்தனவா என்று காத்திருக்காமல் எடுத்தால் பிடிஎஃப் வேறு எழுத்துருவில் வரும். வரிகள் நீண்டு இரண்டு பக்கம் மூன்றாகும். பின்னணி நிறங்கள் இயல்பாக அச்சாகாது. அடர்நிறப் பட்டையில் வெள்ளை எழுத்தில் பெயர் எழுதியிருந்தால், வெள்ளைத் தாளில் வெளிறிப்போன பெயர். பிரின்ட் சிஎஸ்எஸ்ஸில் கறுப்பாக்கிவிடுங்கள்.

பெயரையோ ஊரையோ தமிழிலும் எழுதுகிறவர்கள் கவனிக்க: ரன்னரில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பாதீர்கள். உங்கள் கணினியில் சரியாக வந்தது, சிஐயில் வரிசையாகக் கட்டங்களாக வரும். நோட்டோ தமிழ் எழுத்துருவை ரெப்போவிலேயே வைத்து வெப் ஃபான்டாக ஏற்றுவது நல்லது. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவதும் உண்டு. விண்ணப்ப மென்பொருள்கள் படிப்பது அந்தப் பிரித்தெடுத்த எழுத்தைத்தான். ஆகவே மெயில், போன், பதவிப் பெயர்கள் ஆங்கிலத்திலும் தனி வரியாக இருக்கட்டும்.

இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் பிடிஎஃப்இன்ஃபோ பக்க எண்ணிக்கையைச் சொல்லும், பிடிஎஃப்டுடெக்ஸ்ட் எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். பக்கம் இரண்டைத் தாண்டினாலோ, பிரித்த எழுத்தில் உங்கள் மெயில் முகவரி இல்லாவிட்டாலோ பில்ட் தோற்கட்டும். இரண்டே வரி, மேலே உள்ள ஐந்து ஹோஸ்டிங்கில் எதை மாற்றினாலும் கிடைக்காத பாதுகாப்பு இது.

## யாருக்கு எது

ரெப்போ பொதுவில் இருப்பதில் கூச்சம் இல்லை, கல்லூரி முடித்து முதல் வேலை தேடுகிறீர்கள் என்றால் கிட்ஹப் பேஜஸ், பயனர்பெயர் ரெப்போவில். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவருக்கு பிரைவேட் ரெப்போவோடு கிளவுட்ஃப்ளேர். பிடிஎஃப் படி வேண்டுமென்பதால் நேரடி அப்லோட் வகையாகவே தொடங்குங்கள். நெக்ஸ்ட்ஜேஎஸ் தெரிந்த ஃப்ரண்ட்எண்ட் ஆளுக்கு வெர்செல். ஃப்ரீலான்ஸ் விலைப்பட்டியல் அதில் வேண்டாம். கிளவுட் வேலைக்குப் போகிறவருக்கு ஏடபிள்யூஎஸ், துணை டொமைனில்.

ஏற்கெனவே ஓரிடத்தில் ஏற்றியாகிவிட்டது, மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வொர்க்ஃப்ளோவை எதையும் மாற்றாமல் இன்று கையால் ஒருமுறை ஓட்டுங்கள். பச்சை வந்தால் இருந்த இடத்திலேயே இருங்கள். சிவப்பு வந்தால் அந்த ஓட்டத்தின் பதிவில் கடைசி இருபது வரியைப் படியுங்கள். பெரும்பாலும் அது நோட் பதிப்போ பழைய ஆக்‌ஷனோதான், ஹோஸ்டிங் அல்ல.